நரம்பு ஆபரேஷன் நடுவில் சிக்னல் வரவில்லை என்றால் குற்றம் நரம்பிலா, என் மெஷினிலா?

தியேட்டர்க்காரன்

எல்லோருக்கும் வணக்கம். நான் நியூரோமானிட்டரிங் டெக்னீசியன், அதாவது ஆபரேஷன் நடக்கும்போது நரம்பின் மின் சிக்னலைக் கவனிப்பவன், ஆறு வருடமாக இதே வேலை. பெரும்பாலும் முதுகுத்தண்டு கேஸ்கள்தான் வரும், எஸ்எஸ்இபி (கைகால் நரம்பைத் தட்டி மண்டையில் சிக்னல் எடுப்பது), எம்இபி (மண்டையில் தட்டித் தசையில் எடுப்பது) எல்லாம் அரைத்தூக்கத்தில் எழுப்பினாலும் செய்வேன். போன வாரம் முதன்முறையாக ஒரு கை நரம்பு கேஸுக்குக் கூப்பிட்டார்கள், போய் நன்றாக மானம் போய்த் திரும்பினேன், அதைத்தான் இங்கே கொட்டப்போகிறேன்.

24 வயதுப் பையன். பைக்கிலிருந்து விழுந்து மேல்கை எலும்பின் கீழ்ப்பகுதி உடைந்து, வேறொரு ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்திருக்கிறார்கள். விழுந்த நாளிலிருந்து மணிக்கட்டு தொங்கிக்கொண்டே இருக்கிறது. நாலு மாதம் ஆகியும் ஈஎம்ஜியில் (தசையின் மின்சார டெஸ்ட்) எந்தத் தசையிலும் உயிர் வரவில்லை என்பதால் மணிக்கட்டைத் தூக்க வைக்கும் ரேடியல் நரம்பைத் திறந்து பார்த்தார்கள். நரம்பு அறுந்துபோகவில்லை, ஆனால் நடுவில் கொட்டைப்பாக்கு அளவுக்கு வீங்கி, தொட்டால் கெட்டியாக இருந்தது. இப்போது சர்ஜனுக்கு முன்னால் இரண்டு வழி. அந்த வீக்கத்துக்குள் நரம்பு இழைகள் வளர்ந்து மறுபக்கம் போய்க்கொண்டிருந்தால் சுற்றியுள்ள தழும்பை மட்டும் பிரித்துவிட்டு மூடிவிடலாம். எதுவும் போகவில்லை என்றால் வீங்கிய பகுதியை வெட்டியெறிந்துவிட்டு, காலிலிருந்து சூரல் நரம்பை எடுத்து ஒட்டுப்போட வேண்டும். வெட்டிவிட்டால் உள்ளே போய்க்கொண்டிருந்த கொஞ்சநஞ்ச இழையும் போச்சு. எந்த வழி என்று சொல்ல வேண்டியது என்னுடைய ரெக்கார்டிங்.

வீக்கத்துக்கு மேலே ஸ்டிமுலேட் செய்து (சின்ன கரண்ட் கொடுத்து) கீழே ரெக்கார்ட் செய்தேன். கொக்கி எலக்ட்ரோடு இரண்டுக்கும் நடுவே இரண்டரை செ.மீ. இருந்திருக்கும், காயம் அவ்வளவுதான் திறந்திருந்தது. செட்டிங் எல்லாம் எஸ்எஸ்இபிக்கு வைப்பதுதான்: பல்ஸ் 0.2 மில்லிசெகண்ட், ஃபில்டர் 30 ஹெர்ட்ஸில் தொடக்கம், நாட்ச் ஆன், 100 ஆவரேஜ். திரையில் வந்தது ஒரு சறுக்குமரம். செங்குத்தாக ஏறி, இரண்டு மூன்று மில்லிசெகண்ட் வழுக்கிக்கொண்டே இறங்கி, கடைசியில் லேசாக ஒரு மேடு. அந்த மேடு நரம்பா, சும்மா நெளிவா என்று சொல்ல முடியவில்லை. சர்ஜன் மூன்று முறை "வருதா, வரலையா?" என்று கேட்டார், மூன்று முறையும் "தெளிவா இல்ல சார்" என்றேன். நாலாவது முறை அவர் கேட்கவில்லை. நேரடியாக ஸ்டிமுலேட்டரை வைத்துப் பார்த்தார், தசை அசையவில்லை, கையால் அழுத்திப் பார்த்தார், வெட்டி ஒட்டுப்போட்டுவிட்டார்.

அவர் முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் நான் அங்கே எதற்கு நின்றேன் என்று அன்றிலிருந்து மண்டையைக் குடைகிறது. டூர்னிக்கே (ரத்தம் வராமல் கையை இறுக்கும் பட்டை) 50 நிமிடமாக ஏறியிருந்தது, மயக்க மருந்தோடு தோள்பட்டைக்கு மேலே பிளாக்கும் (கையை மரக்கவைக்கும் ஊசி) போட்டிருந்தார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கே தப்பு விட்டேன்?

பழையகொக்கி

தம்பி, முதலில் ஒரு கணக்கு போடு. நல்ல நரம்பில் சிக்னல் செகண்டுக்கு 50 மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள். இரண்டரை செ.மீ. கடக்க அரை மில்லிசெகண்ட். உன் பல்ஸ் மட்டுமே 0.2 மில்லிசெகண்ட், அதன் பிறகு ஆம்ப்ளிஃபையர் அடிவாங்கிய அதிர்ச்சியிலிருந்து எழுந்திருக்க இன்னும் இரண்டு மில்லிசெகண்ட். ஆக நீ தேடிய ஆள் வாசலைத் தாண்டிப் போன நேரத்தில் நீ கதவைப் பூட்டி வைத்திருந்தாய். நரம்பு உயிரோடு இருந்திருந்தாலும் உனக்குத் தெரிந்திருக்காது.

முதுகுத்தண்டு கேஸில் கணுக்காலில் தட்டி மண்டையில் எடுக்கிறோம், ஒரு மீட்டருக்கு மேல் தூரம், 40 மில்லிசெகண்ட் நிதானமாகக் காத்திருக்கலாம், ஆர்டிஃபேக்ட் (ஸ்டிமுலேஷன் கரண்டே திரையில் விடும் போலித் தடம்) எவ்வளவு கோரமாக இருந்தாலும் யாருக்கும் கவலையில்லை. இங்கே அந்தச் சொகுசு கிடையாது. ஆகவே பல்ஸை 0.05க்குக் குறை, முடிந்தால் 0.02. இரண்டு எலக்ட்ரோடுக்கும் நடுவில் குறைந்தது நாலு செ.மீ. வேண்டும் என்று சர்ஜனிடம் காயம் திறக்கும்போதே சொல்லிவிடு, தையல் போடும் நேரத்தில் சொன்னால் கெட்ட வார்த்தைதான் கிடைக்கும். ஸ்டிமுலேட் செய்கிற கொக்கி மூன்று முனை உள்ளதாக இருந்தால் உத்தமம், நடுவில் கேத்தோடு, இரண்டு பக்கமும் ஆனோடு சேர்த்துக் கட்டியது. கரண்ட் அந்தச் சின்ன இடத்துக்குள்ளேயே அடங்கும், நரம்பு நெடுக வழிந்து உன் ரெக்கார்டிங் பக்கம் வராது.

அதைவிட முக்கியம், நீ நேராக வீக்கத்தின் குறுக்கே போனாய். அப்படிப் போகக் கூடாது. முதலில் இரண்டு கொக்கியையும் வீக்கத்துக்கு மேலே, நல்ல நரம்பிலேயே வைத்து ஒரு அலை எடு. அது வந்தால் உன் மெஷின், ஒயர், டூர்னிக்கே எல்லாம் சரி. பிறகு ஸ்டிமுலேட் செய்கிற கொக்கியை நகர்த்தாமல் ரெக்கார்ட் செய்யும் கொக்கியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே கொண்டு வா, வீக்கத்தின் மேல், பிறகு தாண்டி. எங்கே அலை காணாமல் போகிறது என்பது கண்ணெதிரே தெரியும். நல்ல இடத்திலேயே அலை வராவிட்டால் வாயைத் திறக்காதே, உன் பக்கத்தைச் சரிசெய்.

டூர்னிக்கே பற்றிக் கேட்டாய். 50 நிமிடம் ரத்தம் இல்லாத நரம்பு பேசாது. இறக்கிவிட்டு 20, 30 நிமிடம் காத்திரு. அப்புறம் அந்தத் தோள்பட்டை பிளாக், அதுதான் உன் கேஸைக் கொன்றது என்று நினைக்கிறேன். மரத்துப்போன கையில் என்ன சிக்னல் வரும்?

ஊசிக்காரி

கொக்கி அண்ணா சொன்னதில் கடைசி இரண்டு வரியைத் தவிர எல்லாம் சரி. நான் மயக்க மருந்து டாக்டர், எங்கள் மேல் பழி போடுவதற்கு முன் ஒரு நிமிடம் கேளுங்கள்.

காரையெலும்புக்கு மேலே போடும் பிளாக், மருந்து நனைத்த இடத்தைச் சிக்னல் கடக்க விடாது, அவ்வளவுதான். அதற்குக் கீழே உள்ள நரம்பு மரத்துப்போவதில்லை, செய்தி மூளைக்குப் போகாததால் நோயாளிக்கு அப்படித் தெரிகிறது. முழங்கைக்குப் பக்கத்தில் ஸ்டிமுலேட் செய்து அதற்கும் கீழே ரெக்கார்ட் செய்தால் இரண்டு எலக்ட்ரோடும் பிளாக்குக்குக் கீழேதான் இருக்கின்றன, நடுவில் தடை ஏதும் இல்லை. பிளாக் போட்ட கையில் நரம்பை நேரடியாகத் தட்டினால் தசை துள்ளுவதைச் சர்ஜன்கள் தினமும் பார்க்கிறார்கள். கழுத்தருகே நரம்புப் பின்னலையே திறக்கிற கேஸ் என்றால் கதை வேறு, எஸ்எஸ்இபி எடுக்க வேண்டும் என்றாலும் வேறு, அங்கே பிளாக் போட்டால் எல்லாம் பாழ்.

நீங்கள் சந்தேகப்பட வேண்டியது சர்ஜன் கையில் இருக்கும் சிரிஞ்சை. ரத்தக் கசிவைக் குறைக்க லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்தோடு அட்ரினலின் கலந்து காயத்திலேயே ஊற்றுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. அது நேராக நரம்பின் மேல் விழும். "லோக்கல் ஏதும் போட்டீர்களா சார்?" என்று தொடக்கத்திலேயே கேளுங்கள்.

தசையைத் தளர்த்தும் மருந்து நரம்பிலிருந்து நேரடியாக எடுக்கும் அலையைத் தொடாது. பார்க்கப்போனால் நல்லதுதான், பக்கத்துத் தசை துடித்து உங்கள் திரையைக் கெடுக்காது. ஆனால் அதே நேரத்தில் சர்ஜன் தசை அசைகிறதா என்று பார்த்தால் அசையாது. உங்கள் கேஸில் ஸ்டிமுலேட்டர் வைத்துத் தசை அசையவில்லை என்றாரே, அப்போது மருந்தின் பிடி விட்டிருந்ததா என்று யாராவது பார்த்தார்களா? எனக்கு அந்த இடம்தான் உறுத்துகிறது. மருந்தின் பிடி எவ்வளவு என்று காட்டும் டிஓஎஃப் மானிட்டர் எங்களிடம் இருக்கிறது, கேட்டால் நம்பர் சொல்வோம். கேட்பதே இல்லை, அதுதான் பிரச்சினை.

சூட்டையும் கவனியுங்கள். தியேட்டர் ஏசியில் ஒரு மணி நேரம் திறந்து கிடக்கும் நரம்பு குளிர்ந்துபோகிறது. ஒரு டிகிரி இறங்கினால் வேகம் செகண்டுக்குச் சுமார் இரண்டு மீட்டர் குறையும். அலமாரியில் இருக்கும் சலைனை அப்படியே ஊற்றாமல் வெதுவெதுப்பாக வாங்கி ஊற்றச் சொல்லுங்கள், ரெக்கார்ட் செய்யும் நேரத்தில் மட்டும் ஒற்றி எடுத்துவிடலாம்.

பழையகொக்கி

மேடம், பிளாக் விஷயத்தில் தோற்றேன். இருபது வருடமாகத் தப்பாகவே சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன் போல.

ஒயர்ராஜா

பயோமெடிக்கல் எஞ்சினியர் பேசுகிறேன். சறுக்குமரம் என்று சொன்னீர்கள் பாருங்கள், அதில் பாதி உங்கள் ஃபில்டர் வரைந்தது. 30 ஹெர்ட்ஸில் வெட்டினால் அந்தப் பெரிய அடியின் வால் ஆடி அசைந்து சுழிக்கும், சுழிப்பு பார்ப்பதற்கு அசல் அலை மாதிரியே இருக்கும். கீழ் எல்லையை 5 அல்லது 10 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள், மேலே 2,500, 3,000 வரை விடுங்கள். நாட்சைக் கண்டிப்பாக அணையுங்கள். 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை விழுங்குவதற்கென்று போட்ட அது, பெரிய ஆர்டிஃபேக்டைப் பார்த்தால் மணியடித்த மாதிரி அதிர்ந்துகொண்டே இருக்கும். இரைச்சலை ஃபில்டரால் கொல்லாதீர்கள், ஊற்றிலேயே நிறுத்துங்கள். மின்சாரக் கட்டில், உடம்பைச் சூடாக்கும் மெஷின், மைக்ரோஸ்கோப், எது தேவையில்லையோ பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, ரத்தக் கசிவைச் சுட்டு நிறுத்தும் காட்டரி மெஷினும் அப்படித்தான். ஸ்டிமுலேட்டர் ஒயரும் ரெக்கார்டிங் ஒயரும் ஒன்றாகப் பின்னிக்கொண்டு போகக் கூடாது, ஒன்று தலைப்பக்கம் போனால் மற்றது கால்பக்கம் போகட்டும்.

ஆவரேஜ் பற்றி ஒரு வார்த்தை. 100 தடவை கூட்டினால் போவது கண்டபடி வரும் இரைச்சல். ஆர்டிஃபேக்ட் ஒவ்வொரு தடவையும் அதே நேரத்தில் அதே வடிவத்தில் வருவதால் அது அப்படியே உட்கார்ந்திருக்கும், நீங்கள் அதற்குச் சட்டம் போட்டு மாட்டுகிறீர்கள். முதலில் ஒற்றை அடியில் பாருங்கள். கொஞ்சம் ஆவரேஜ் தேவைப்பட்டால் செகண்டுக்கு இரண்டு என்று வைக்காமல் 2.3 போல உடைந்த எண்ணில் வையுங்கள், 50 ஹெர்ட்ஸோடு கைகோக்காது.

அடுத்து, எலக்ட்ரோடை எப்படிப் பிடிக்கிறீர்கள் என்பது. ஈரத்தில் கிடக்கும் நரம்பில் சிக்னல் சுற்றியுள்ள திரவத்தில் கசிந்துவிடும் என்பதால் கொக்கியால் தூக்கிப் பிடிக்கச் சொல்வார்கள், அது சரிதான். ஆனால் இரண்டு முனையிலும் தூக்கினால் நரம்பு ஒரு பாலம் மாதிரி நிற்கிறது. மேலே நரம்பு, கீழே உடம்பு, இரண்டும் சேர்ந்து ஒரு வளையம். ஸ்டிமுலேஷன் கரண்டில் ஒரு பங்கு அந்த வளையத்தைச் சுற்றி ஓடி உங்கள் ரெக்கார்டிங் எலக்ட்ரோடு வழியாகவே போகிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு ஒன்று இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறது. பாலத்தின் நடுப்பகுதியை உடம்புத் திசுவோடு மின்சாரம் கடக்கும்படி இணைத்துவிட்டால் வளையம் இரண்டாக உடைகிறது, ஆர்டிஃபேக்ட் வெகுவாகக் குறைகிறது. நான் பார்த்த வேறொரு கேஸில் கிரவுண்டு ஊசியை நோயாளியின் தோள்பட்டையில் எங்கோ குத்தி வைத்திருந்தார்கள், அதைக் காயத்துக்குள்ளேயே இரண்டு கொக்கிக்கும் நடுவே கொண்டுவந்ததற்கே திரை பாதி சுத்தமானது.

கடைசியாக, மேடு நரம்பா நெளிவா என்று கேட்டதற்கு: ஸ்டிமுலேட்டரின் துருவத்தை மாற்றுங்கள். ஆர்டிஃபேக்ட் தலைகீழாகும், நரம்பின் அலை தலைகீழாகாது, இடம் மட்டும் இம்மியளவு நகரும். கரண்டைக் கூட்டிப் பாருங்கள், ஆர்டிஃபேக்ட் கூடிக்கொண்டே போகும், நரம்பு ஒரு கட்டத்துக்கு மேல் "இவ்வளவுதான் நான்" என்று நின்றுவிடும். அரை நிமிட வேலை.

முதல்வருடம்

நான் எம்எஸ் முடித்துவிட்டு இப்போதுதான் பிளாஸ்டிக் சர்ஜரி சேர்ந்திருக்கிறேன். எனக்கு அடிப்படைச் சந்தேகம். ஸ்டிமுலேட்டர் வைத்தால் தசை அசையவில்லை என்றாலே நரம்பு செத்தது என்றுதானே அர்த்தம்? இவ்வளவு பாடு எதற்கு?

கைவைத்தியன்

அர்த்தம் அது இல்லை, தம்பி. இழை நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். வீக்கத்தைத் தாண்டி நாலைந்து செ.மீ. வந்திருக்கும், தசையை இன்னும் தொட்டிருக்காது. தசை அசையாது, ஈஎம்ஜி வெறுமையாக இருக்கும், ஆனால் நரம்பிலிருந்தே நேரடியாகக் கேட்டால் பதில் சொல்லும். அந்த இடைவெளிக்குத்தான் இந்த டெஸ்ட். நியூ ஆர்லியன்ஸில் டேவிட் கிளைன் 1968ல் இதை எழுதினார், அதன் பிறகு பல வருடம் நூற்றுக்கணக்கான நரம்புகளில் செய்து காட்டினார். வீக்கத்தைத் தாண்டி அலை வந்து, வெட்டாமல் விட்ட நரம்புகளில் 90 சதவீதத்துக்கு மேல் உபயோகமான அளவுக்குத் திரும்பின. அலை தெரிய வேண்டுமானால் மைலின் உறை போர்த்திய ஓரளவு பருமனான இழைகள் நாலாயிரமாவது கடந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அதனால்தான் அலை வந்தால் நம்பலாம். ஒற்றை அடியில் வராமல் 100 ஆவரேஜ் போட்டுத் தோண்டியெடுத்த அலை வேறு சங்கதி, அதில் எத்தனை இழை இருக்கிறது என்று யோசிக்க வேண்டும்.

ஆனால் அலை வந்ததும் துள்ளிக் குதிக்காதீர்கள், அது ஏமாற்றுகிற இடமும் இருக்கிறது. நம் ஊரில் பைக் விபத்தில் வரும் தோள்பட்டை நரம்புப் பின்னல் கேஸ்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அதில் வேர் தண்டுவடத்திலிருந்தே பிடுங்கிக்கொண்டு வந்திருந்தால், உணர்ச்சி நரம்பின் செல் இருக்கும் முடிச்சு அறுந்த இடத்துக்கு வெளியே, இழையோடு சேர்ந்தே இருக்கும். செல் உயிரோடு இருப்பதால் இழையும் சாவதில்லை. தட்டினால் பெரிதாக, வேகமாக, அழகான அலை வரும். அடி வாங்கின அனுபவம் இல்லாதவர் "நரம்பு பிரமாதமாக இருக்கிறது" என்று மூடிவிடுவார். அந்தக் கை ஒருநாளும் அசையாது, மூளைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. மீண்டு வளரும் நரம்பின் அலை சின்னதாக, மெதுவாக இருக்கும். செயலிழந்த கையில் அலை ரொம்ப அழகாக இருந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அங்கே வேரைத் தட்டி மண்டையில் எஸ்எஸ்இபி எடுத்துப் பார்க்காமல் நகர மாட்டேன்.

இன்னொன்று, பாதி அடிபட்ட நரம்பு. நாலு கற்றையில் ஒன்று பிழைத்திருந்தாலும் மொத்த நரம்பில் அலை வரும். மைக்ரோஸ்கோப்பில் கற்றைகளைப் பிரித்து ஒவ்வொன்றாகக் கொக்கியில் ஏற்றிப் பார்த்தால்தான் எது செத்தது என்று தெரியும்.

தியேட்டர்க்காரரே, வெட்டியெடுத்த துண்டை பயாப்ஸிக்கு அனுப்பியிருப்பார்கள், ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். நிறையப் பேர் அதைப் பார்ப்பதே இல்லை. ஒட்டு பிடிக்காவிட்டாலும் அந்தப் பையனுக்கு வழி அடைபடவில்லை, ரேடியல் நரம்புக்கு டெண்டான் டிரான்ஸ்ஃபர் கைகொடுக்கும். வேலூரில் பால் பிராண்ட் தொழுநோயில் மடங்கிப்போன கைகளுக்கு 1940களின் கடைசியிலேயே தசைநார் மாற்றிக் கட்டத் தொடங்கிவிட்டார், நமக்குப் புதிய வித்தை இல்லை.

தியேட்டர்க்காரன்

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். அதே சர்ஜன் மறுபடி கூப்பிட்டார், அதுவே ஆச்சரியம். இந்த முறை முன்கையில் மீடியன் நரம்பு, மூன்றரை மாதத்துக்கு முன் மெஷினில் சிக்கி நசுங்கியது.

காலை ஏழரைக்கே போய்ப் பிளக்குகளைப் பிடுங்கினேன், கட்டிலை ஏன் பிடுங்குகிறாய் என்று சிஸ்டர் சண்டைக்கு வந்தார். நாலரை செ.மீ. இடைவெளி வேண்டும் என்று கத்தி வைப்பதற்கு முன்பே சொன்னேன், காயத்தை இரண்டு விரற்கடை நீட்டினார். டூர்னிக்கே இறக்கி 25 நிமிடம், எல்லோரும் என்னையே முறைத்துக்கொண்டு நின்றார்கள், மயக்க மருந்து டாக்டர் மட்டும் டிஓஎஃப் கேட்டதும் சந்தோஷமாகச் சொன்னார். முதலில் நல்ல இடத்தில் வைத்தேன், கணீரென்று ஒரு அலை. அப்போதே கை நடுக்கம் நின்றுவிட்டது. அப்புறம் கீழ்க் கொக்கியை நகர்த்திக்கொண்டே போனேன். நசுங்கிய இடத்தின் மேல் அலை சிறுத்தது, தாண்டியதும் ஒன்றுமில்லை. சர்ஜன் கத்தரிக்கோலுக்குக் கையை நீட்டிவிட்டார். "ஒரு நிமிஷம் சார்" என்று கரண்டைக் கூட்டினேன், நரம்பின் மேலிருந்த ஈரத்தை ஒற்றச் சொன்னேன். 2.2 மில்லிசெகண்டில் ஒரு சின்ன மேடு எழுந்தது. துருவத்தை மாற்றினேன், முன்னால் இருந்த குத்து கவிழ்ந்தது, மேடு கவிழவில்லை. தூரம் ஐந்தரை செ.மீ., வேகம் செகண்டுக்கு 25 மீட்டர். "வருது சார், மெதுவா வருது" என்றேன். அவர் திரையைப் பார்த்தார், இன்னொரு முறை எடுக்கச் சொன்னார், எடுத்தேன். தழும்பை மட்டும் பிரித்துவிட்டு மூடினார்.

பழைய கேஸின் பயாப்ஸி ரிப்போர்ட்டும் கிடைத்தது. முழுக்கத் தழும்பு, இழைகள் திசை தெரியாமல் சுருண்டு கிடக்கின்றன, மறுமுனையில் எதுவும் இல்லை. அவர் வெட்டியது சரி. அதில் என் பங்கு ஒன்றுமில்லை என்பதும் சரி.

அடுத்த புதன்கிழமை தோள்பட்டைப் பின்னல் கேஸ், கழுத்திலிருந்து வரும் சி5, சி6 வேர்கள். கைவைத்தியன் சார், வேரைத் தட்டி மண்டையில் எடுக்கும்போது எத்தனை ஆவரேஜ் வைப்பீர்கள்?

ஊசிக்காரி

அவர் பதில் சொல்வதற்குள் நான் முந்திக்கொள்கிறேன்: செவ்வாய்க்கிழமையே உங்கள் மயக்க மருந்து டாக்டரைப் பார்த்து, பிளாக் வேண்டாம், மயக்க வாயுவைக் குறைத்து, ரத்தக்குழாயில் ஏற்றும் ப்ரோபோஃபாலில் ஓட்டுங்கள் என்று சொல்லிவிடுங்கள். புதன்கிழமை காலையில் சொன்னால் அவர் ஏற்கெனவே ஊசியைப் போட்டு முடித்திருப்பார்.